ஒழுங்கையை இரவில் பார்க்க எந்தக் கமரா? சென்சர் அளவுகளை ஒப்பிட்டு ஓர் அலசல்

கடையில் சிசிரிவி கமரா கேட்டால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல். 2 என்றால் பழையது, 5 என்றால் பரவாயில்லை, 8 என்றால் 4கே, அதற்கு மேல் கேள்வியே வேண்டாம் என்பதுபோல் பேச்சு போகும். பகல் வெளிச்சத்தில் அந்தப் பேச்சில் பெரிய பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலோ இணுவிலிலோ உள்ளொழுங்கையில் வீடு வைத்திருப்பவர் கமரா பூட்டுவது பெரும்பாலும் இரவை நினைத்துத்தான். நள்ளிரவு தாண்டி மதிலோரம் நின்றது யார், கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றியவன் எந்தப் பக்கத்தால் போனான் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. அந்த நேரத்தில் விவரத்தாளின் முதல் வரியில் சின்ன எழுத்தில் கிடக்கும் இன்னோர் எண்தான் பேசும்: 1/2.8 அங்குலம், 1/1.8 அங்குலம், 1/1.2 அங்குலம். அதுதான் சென்சரின், அதாவது கமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லின் அளவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படலையையும் ஒழுங்கையையும் இரவில் பார்க்க ஒரே ஒரு கமராதான் வாங்க முடியும் என்றால், 1/1.8 அங்குல சென்சரில் 4 மெகாபிக்சல் உள்ளதை வாங்குங்கள். அதே காசுக்கு 1/2.8 அங்குலத்தில் 8 மெகாபிக்சல் கிடைக்கிறதே என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினால் ஏமாறவேண்டாம்.

இந்த அங்குலக் கணக்கைப் பார்த்துக் குழம்பவும் தேவையில்லை. பழைய தொலைக்காட்சிக் கமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த வழக்கம் இது. 1 அங்குல சென்சர் என்று சொல்லப்படுவதன் மூலைவிட்டம் உண்மையில் 16 மில்லிமீற்றர் அளவுதான். கோட்டுக்குக் கீழே இருக்கும் எண் சிறுத்தால் சென்சர் பெருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒரே பிக்சல், மூன்று அகலம்

வீட்டுக் கமராக்களில் பரவலாக இருக்கும் சோனி சென்சர்களை எடுத்துக்கொள்வோம். 1/2.8 அங்குலத்தில் 2 மெகாபிக்சல் தரும் ஐஎம்எக்ஸ்327, 1/1.8 அங்குலத்தில் 4 மெகாபிக்சல் தரும் ஐஎம்எக்ஸ்347, 1/1.2 அங்குலத்தில் 8 மெகாபிக்சல் தரும் ஐஎம்எக்ஸ்585. இந்த மூன்றிலும் ஒவ்வொரு பிக்சலின் அகலமும் 2.9 மைக்ரோமீற்றர். சென்சரின் பரப்பளவு மட்டும் முறையே ஏறத்தாழ 17, 34, 70 சதுர மில்லிமீற்றர். ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு.

நாலாவது போட்டியாளரின் பெயர் ஐஎம்எக்ஸ்415. அதுவும் 1/2.8 அங்குலம்தான், ஆனால் அதில் 8 மெகாபிக்சல். பிக்சல் அகலம் 1.45 மைக்ரோமீற்றர், அதாவது மற்றவற்றில் பாதி. அகலமும் உயரமும் பாதியானால் பரப்பு காற்பங்கு. ஒரே பாத்தியில் நாலு மடங்கு வெங்காயம் நட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன கிடைக்குமோ அதுதான் இங்கும் நடக்கிறது. ஒரே லென்ஸ், ஒரே ஷட்டர் நேரம் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் காற்பங்கு வெளிச்சமே வந்து சேரும். வெளிச்சம் நாலில் ஒன்றானால், படத்துக்கும் அதில் புள்ளிகளாக மினுங்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பாதியாகும். இது கடைப் பேச்சுக்கு மேலான இயற்பியல். எந்த விளம்பரத்தாலும் தப்ப முடியாது.

இனிக் கமராவைப் படலைக்கு மேலே பூட்டி, 8 மீற்றர் தள்ளி ஒழுங்கையில் நிற்கும் ஒருவரைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரமான இஎன் 62676-4இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்ன அளவு. தெரிந்த ஆளை இன்னார் என்று அறிய 125 போதும். 2.9 மைக்ரோமீற்றர் பிக்சல் உள்ள மூன்று கமராக்களுக்கும் 6 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள லென்ஸ் போட்டால் மூன்றும் அந்த 8 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு ஏறத்தாழ 258 பிக்சல் தருகின்றன. மூன்றிலும் ஒரே எண். வேறுபடுவது காட்சியின் அகலம் மட்டும்: 2 மெகாபிக்சல் கமரா 7.4 மீற்றரைப் பார்க்கும், 4 மெகாபிக்சல் 10.4 மீற்றரைப் பார்க்கும், 8 மெகாபிக்சல் 14.9 மீற்றரைப் பார்க்கும். லென்ஸின் எஃப் எண்ணும் (குவியத்தூரத்தை லென்ஸ் வாயின் அகலத்தால் வகுத்தது; அது சிறுத்தால் வெளிச்சம் கூடும்) ஒன்றே என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சமும் மூன்றிலும் ஒன்றே.

பெரிய சென்சர் என்றால் இருட்டில் வெளிச்சமாகத் தெரியும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கணக்கைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் வேறு. ஒரே பிக்சல் அளவில் பெரிய சென்சர் தருவது அகலம். அகலம் வேண்டாதவருக்கு, சின்ன சென்சரும் சரியான லென்ஸும் அதே முகத்தை அதே தெளிவில் தரும். யாழ்ப்பாணத்து உள்ளொழுங்கைகள் பல, ஒரு கார் வந்தால் சைக்கிள்காரர் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம்தான். அந்த ஒழுங்கையை நேராகப் பார்க்கும் கமராவுக்கு 7.4 மீற்றரே தாராளம். ஆகவே 2 மெகாபிக்சலைப் பழையது என்று ஒதுக்குவதற்கு முன்னால் அதன் லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். கடைகளில் வழக்கமாகக் கையில் எடுத்துத் தரப்படுவது 2.8 மில்லிமீற்றர் லென்ஸ். அதோடு பூட்டினால் அதே 2 மெகாபிக்சல் கமரா 8 மீற்றரில் மீற்றருக்கு 121 பிக்சல்தான் தரும். நமக்குத் தெரிந்த ஆளைக்கூட ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். பழி சென்சர் மீது விழுகிறது, குற்றவாளி லென்ஸ்.

8 மெகாபிக்சல், 1/2.8 அங்குலம்: பகலில் மட்டும் ராசா

இப்போது அந்த நாலாவது போட்டியாளருக்கு வருவோம். 2.8 மில்லிமீற்றர் லென்ஸோடு 8 மீற்றரில் அது பார்க்கும் அகலம் ஏறத்தாழ 16 மீற்றர், மீற்றருக்கு 241 பிக்சல். 1/1.2 அங்குலக் கமரா 6 மில்லிமீற்றர் லென்ஸோடு தரும் காட்சிக்கு இது கிட்டத்தட்டச் சமம். விலையோ மிகக் குறைவு. பகலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

இருட்டினால்தான் கதை மாறும். எஃப் 1.6 உள்ள 2.8 மில்லிமீற்றர் லென்ஸின் வாய் 1.75 மில்லிமீற்றர். அதே எஃப் 1.6 உள்ள 6 மில்லிமீற்றர் லென்ஸின் வாய் 3.75 மில்லிமீற்றர். ஒரே காட்சியிலிருந்து வரும் வெளிச்சத்தை உள்ளே எடுக்கும் பரப்பில் நாலரை மடங்குக்கு மேல் வித்தியாசம். சென்சர் பெரிதாக இருக்கும்போது அதே அகலத்தைப் பார்க்க நீளமான லென்ஸ் போட முடிகிறது, நீளமான லென்ஸுக்கு வாய் அகலம் என்பதுதான் பெரிய சென்சரின் இரகசியம் முழுவதும்.

8 மெகாபிக்சல் படத்தைச் சுருக்கி 2 மெகாபிக்சலாகப் பார்த்தால் இரைச்சல் ஒன்றையொன்று சமன்செய்துவிடும், ஆகவே சென்சரின் மொத்தப் பரப்புத்தான் முக்கியம் என்று வாதிடுபவர்கள் உண்டு. புகைப்படக் கமராவுக்கு அந்த வாதம் பெருமளவு பொருந்தும். காவல் கமராவுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். இங்கே படம் நம் கைக்கு வருவதற்கு முன்பே கமராவுக்குள் இரைச்சல் குறைப்பு நடந்துவிடுகிறது, பிறகு எச்.265 எனும் காணொளிச் சுருக்கமும் நடந்துவிடுகிறது. இரைச்சலோடு சேர்த்து முகத்தின் நுணுக்கத்தையும் வழித்து எறிந்த படத்தை எத்தனை சுருக்கினாலும் போன மூக்கும் புருவமும் திரும்பி வராது. அதோடு, களவு நடந்த பிறகு யார் படத்தைச் சுருக்கிப் பார்க்கிறார்கள்? பெருப்பித்துத்தான் பார்க்கிறோம்.

1/1.8 அங்குலத்தில் 8 மெகாபிக்சல் என்று நடுவிலும் ஒன்று உண்டு. ஐஎம்எக்ஸ்334, அதன் அடுத்த தலைமுறையான ஐஎம்எக்ஸ்678 போன்றவை. பிக்சல் 2 மைக்ரோமீற்றர். பிக்சல் ஒன்றுக்கு 415ஐப் போல இரு மடங்கு வெளிச்சம், 347இல் பாதி. பகலில் அகலமும் வேண்டும், வாசலில் எல்ஈடி விளக்கு விடியவிடிய எரியும் என்பவருக்கு ஏற்றது. இருட்டு ஒழுங்கைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஷட்டர் செய்யும் மாயம்

இத்தனைக்கும் பிறகும் கடைத் திரையில் 8 மெகாபிக்சல் 1/2.8 அங்குலக் கமராவின் இரவுப்படம் பளிச்சென்று தெரியும். எப்படி? ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துத்தான். 2.9 மைக்ரோமீற்றர் பிக்சலுக்கு ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு போதும் என்றால், காற்பங்கு வெளிச்சம் பெறும் பிக்சலுக்கு அதே பிரகாசத்துக்கு ஏறத்தாழ 6இல் ஒரு பங்கு நொடி வேண்டும். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீற்றர் போவார். 25இல் ஒரு பங்கு நொடியில் அவர் நகர்வது 5.6 சென்டிமீற்றர். 6இல் ஒரு பங்கில் 22 சென்டிமீற்றருக்கு மேல், அதாவது ஒரு முகத்தின் அகலத்தையே தாண்டிவிடுகிறார்.

அப்படிப்பட்ட பதிவு ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலின் தலைப்பை வாசிக்கலாம். நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடு தெரியும். செவ்வரத்தையின் இலைகூடப் பச்சையாக இருக்கும். நடந்து போகிற ஆளுக்கு மட்டும் முகம் இல்லை. தோளுக்கு மேலே ஒரு சாம்பல் தீற்றல், அதனூடாகப் பின்னால் உள்ள வேலி தெரிகிறது. கமரா பார்க்க வேண்டிய ஒரே ஒன்றை விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் அழகாகக் காட்டியிருக்கிறது.

ஆகவே ஒப்பிடும்போது இரண்டு கமராக்களிலும் ஷட்டரை 25இல் ஒரு பங்கு நொடிக்கு, முடிந்தால் 50இல் ஒரு பங்குக்குக் கையால் கட்டிவைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் விளக்கின் துடிப்புக்கும் இந்த எண்கள்தான் ஒத்துப்போகும். கட்டிவைத்ததும் 415 இருண்டுவிடும் அல்லது புள்ளிபுள்ளியாகக் கொதிக்கும். அதுதான் அதன் உண்மை முகம்.

விவரத்தாளில் வரும் லக்ஸ் எண்ணை, அதாவது எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் கமரா படம் எடுக்கும் என்று சொல்லும் எண்ணை, நான் பார்ப்பதே இல்லை. 0.0005 லக்ஸ் என்று போட்டிருப்பார்கள். பூரணை நிலவின் வெளிச்சமே 0.1 முதல் 0.3 லக்ஸ் வரைதான். அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெளிச்சத்தில் வண்ணப்படமா? எத்தனை நொடி ஷட்டர், படம் எவ்வளவு பிரகாசம் என்று சொல்லாமல் எழுதும் லக்ஸ் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. எஃப் எண் அப்படியல்ல, அது உருப்படியான தகவல். எஃப் 1.6 லென்ஸிலிருந்து எஃப் 1.0 லென்ஸுக்குப் போனால் வெளிச்சம் 2.56 மடங்கு கூடும். ஹிக்விஷன் நிறுவனத்தின் கலர்வூ கமரா வரிசை இரவில் வண்ணம் காட்டுவதற்கு எஃப் 1.0 லென்ஸ் பெரிய காரணம், கமராவிலேயே இருக்கும் வெள்ளை விளக்கு இன்னொரு காரணம்.

1/1.2 அங்குலம் ஏன் எல்லோருக்கும் இல்லை

காசு ஒரு காரணம். அது எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டு காரணங்களைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை.

பெரிய சென்சர், நீள லென்ஸ், அகன்ற வாய் மூன்றும் சேர்ந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கும். 2.9 மைக்ரோமீற்றர் பிக்சலையே எல்லையாக வைத்துக் கணக்கிட்டால், 6 மில்லிமீற்றர் எஃப் 1.0 லென்ஸ் தூரத்துக்குக் கூர்மையாக நிற்கும்போது கிட்டத்தில் ஏறத்தாழ 6 மீற்றருக்குள் வருபவை மெல்ல மங்கத் தொடங்கும். படலையைத் திறந்து நேரே கமராவுக்குக் கீழே வருபவர் கலங்கித் தெரிவார். 1/2.8 அங்குலக் கமராவின் 2.8 மில்லிமீற்றர் எஃப் 1.6 லென்ஸுக்கோ 2 மீற்றருக்குள் வந்தாலும் பிரச்சினையில்லை. விறாந்தையில் பூட்ட வேண்டிய இடத்தில் விலை கூடிய கமராவைப் பூட்டினால் விலை கூடிய மங்கல்தான் கிடைக்கும்.

மற்றது அந்த 15 மீற்றர் அகலம். எங்கள் வளவுகள் நெருங்கி இருப்பவை. அகலக் காட்சி எங்கள் படலையோடு நிற்காமல் அடுத்த வீட்டுக் கிணற்றடியையும் சேர்த்து எடுக்கும். கிணற்றடியில் குளிக்கிற ஊரில், மற்றவர் முற்றத்தை இரவும் பகலும் பதிவுசெய்து வைப்பது பெரிய சண்டையில்தான் முடியும். படத்தின் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி கமராக்களில் உண்டு. ஆனால் மறைப்பதற்காக வாங்கிய அகலத்துக்கு எதற்குக் காசு?

கடை வைத்திருப்பவருக்கும், முச்சந்தியைப் பார்க்கும் வீட்டுக்கும், கோயில் வெளிவீதிக்கும் 1/1.2 அங்குலம் பொருத்தம். அங்கே அகலம் உண்மையில் தேவை, பார்க்கும் பொருளும் தள்ளி இருக்கிறது.

அகச்சிவப்பும் மாரிக்காலமும்

கமரா தானே அகச்சிவப்பு விளக்கைக் கொண்டுவந்தால் சென்சர் அளவின் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். 10 மீற்றருக்குள் வெளிச்சம் ஏராளம். கறுப்புவெள்ளையில் 2 மெகாபிக்சலும் நன்றாகவே தெரியும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காற்பங்காகும் என்பதால் ஒழுங்கையின் மறுமுனை மட்டும் இருளும். இழப்பது வண்ணத்தை. போனவன் நீலச் சேட்டா பச்சைச் சேட்டா என்று பொலிஸில் கேட்டால் பதில் இருக்காது. சில துணிகள் அகச்சிவப்பில் கறுப்பும் வெள்ளையும் மாறியே தெரியும்.

வண்ணம் வேண்டுமென்று வெள்ளை விளக்குக் கமரா வாங்குபவர்கள் ஐப்பசி, கார்த்திகையை நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் மழையில் பெரும்பகுதி அப்போதுதான். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் லென்ஸுக்கு முன்னால் வெள்ளைத் திரை விழுந்துவிடும். ஈசலைத் தேடிப் பல்லி வரும். அசைவு அறிவித்தல் தொலைபேசியில் ஓயாமல் அடிக்கும், கடைசியில் வீட்டுக்காரர் அறிவித்தலையே நிறுத்திவிடுவார். அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி அவ்வளவு வராது, ஆனால் சிலந்தி வலை ஒன்று குறுக்கே விழுந்தால் படம் முழுவதும் வெள்ளைக் கோடு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: விளக்கைக் கமராவில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளிப் பூட்டுவது. மஞ்சள் சாயல் உள்ள எல்ஈடி என்றால் பூச்சி இன்னும் குறையும். இந்த ஏற்பாட்டில் 1/1.8 அங்குல 4 மெகாபிக்சல் எஃப் 1.6 கமராவும் வண்ணத்திலேயே விடியும்வரை ஓடும்.

வெள்ளையடித்த மதிலுக்குப் பக்கத்தில் அகச்சிவப்புக் கமராவைப் பூட்டாதீர்கள். மதில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், கமரா அதைப் பார்த்து மிரண்டு படத்தை இருட்டாக்கும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த கமராக்களைத் தவிர்ப்பது நல்லது. உப்புப் படிந்த கண்ணாடியில் அகச்சிவப்புப் பட்டால் பனிமூட்டம்தான்.

வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு

யாழ்ப்பாணத்தில் பல கமராக்களுக்கு உண்மையான பார்வையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கும் சென்சர் அளவு முக்கியம், வேறு வழியால். இரைச்சல் நிறைந்த படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நொடியும் மாறுவதால் சுருக்க முடியாது. இரவானதும் தரவு வீங்கும். நொடிக்கு 8 மெகாபிட் ஓடினால் ஒரு நாளைக்கு 86 ஜிகாபைட், 1 டெராபைட் வன்தட்டு பதினொரு நாளில் நிரம்பும். அதையே 4 மெகாபிட்டுக்குள் அடக்கினால் இருபத்து மூன்று நாள் வரும். தெளிவான 4 மெகாபிக்சல் படம் 4 மெகாபிட்டுக்குள் அடங்கும். கொதிக்கும் 8 மெகாபிக்சல் படத்தை அதற்குள் திணித்தால் கட்டம் கட்டமாக உடையும்.

வாங்கும்போது செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கடையின் மின்விளக்குகளுக்குக் கீழே எல்லாக் கமராவும் ஒன்றுதான். நல்லூர்த் திருவிழாக் காலத்துச் சோடனை வெளிச்சத்திலும் அப்படியே. ஏற்கெனவே பூட்டிய வீடு ஒன்றின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அமாவாசையை அண்டிய இரவாக, ஒருவர் குறுக்கே நடந்து போவதாக இருக்க வேண்டும். அவர் நடந்துகொண்டிருக்கும்போதே பதிவை நிறுத்திப் பாருங்கள். முகத்தில் கண்ணும் மூக்கும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தக் கமராவின் சென்சர் அளவையும் லென்ஸையும் குறித்துக்கொண்டு விலை பேசலாம். தெரியாவிட்டால் அதன் மெகாபிக்சல் எத்தனையாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போகலாம்.

விறாந்தைக்கு 1/2.8 அங்குல 2 மெகாபிக்சல், 2.8 மில்லிமீற்றர். படலைக்கும் ஒழுங்கைக்கும் 1/1.8 அங்குல 4 மெகாபிக்சல், 6 மில்லிமீற்றர். கோடிப்பக்கக் கிணற்றடிக்கு மறுபடியும் சின்ன சென்சர், ஆனால் தள்ளிப் பூட்டிய ஒரு விளக்கோடு. நான் வீட்டுக்குக் கமரா தெரிவு செய்தால் இந்தப் பட்டியலோடுதான் கடைக்குப் போவேன்.